கன்னத்துக் காற்று

கவுண்டர் பேரன் போட்ட கூச்சலில் என் ஜீப்பின் ஹாரன் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

புளியமரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்ட பையன். மூங்கில் தப்பை வைத்து வேட்டிக் கிழிசலால் கட்டியிருந்தார்கள். முன் சீட்டில் தாத்தா மடியில் உட்கார்ந்து பள்ளத்துக்கு ஒரு கத்து, திருப்பத்துக்கு ஒரு கத்து. தாத்தா அந்தச் சுற்றுவட்டத்துக்கே ஊர்க் கவுண்டர். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "சீக்கிரம் போடா சின்னசாமி, புள்ள துடிக்கறான் பாரு" என்று என் தோளை இடித்துக்கொண்டே வந்தார்.

நான் வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் அவர் பேரனுக்காக அந்த வேகம் இல்லை.

பின்னால், மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. பையன் கத்தி முடித்து மூச்சு வாங்குகிற இடைவெளியில் மட்டும் அது காதில் விழும். 'ங்க... ங்க...' என்று, கண் திறக்காத நாய்க்குட்டி முனகுவதுபோல. அந்த முனகலைக் காதில் பிடித்துக்கொண்டே காவலூரைத் தாண்டினேன், இறக்கத்தில் விட்டேன்.

ஓடைக்கு மேலே ஒரு வளைவு. பையன் மூச்சு வாங்கினான். முனகல் கேட்கவில்லை.

மறுபடி கத்தினான். மறுபடி மூச்சு வாங்கினான். பின்னால் சத்தமில்லை.

பிரேக்கை மிதித்தேன்.

இரண்டாவது ஜீப்பும் என்னுடையதுதான்

அந்த வளைவிலேயே ஜீப் கொஞ்சம் நிற்கட்டும். ஓட்டினவன் யார் என்று தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

ஜவ்வாது மலையில் எங்கள் பக்கம் வாடகைக்கு ஓடிய முதல் ஜீப் யாருடையது என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், என் பேரைச் சொல்வார்கள். இரண்டாவது ஜீப் யாருடையது என்றும் கேளுங்கள். அதுவும் என்னுடையதுதான்.

படவேட்டுப் பக்கம் கரும்புக் காட்டில் பிறந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னையும் நான் பள்ளிக்கூடத்தையும் கைகழுவிக்கொண்டோம். ஆலங்காயத்தில் புளி மூட்டை தூக்கினேன். வாணியம்பாடியில் தோல் ஏற்றுகிற லாரியைக் கழுவினேன். அந்த நாற்றம் சோப்புக்குப் போகாது, மூக்குப் பழகினால்தான் போகும். லாரி கழுவினவன் கிளீனர் ஆனான், கிளீனர் டிரைவர் ஆனான், டிரைவர் ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்து முதலாளி ஆனான். இந்தத் தொடரில் போன வாரங்களில் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறேன். மறந்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். என்னைப் பற்றி மற்றவன் சொல்லுவான் என்று காத்திருந்தால் என் கதை மூன்றாம் வகுப்போடு நின்றுபோயிருக்கும்.

காவலூரில் பெரிய தொலைநோக்கிக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. மேலே போகிற லாரியெல்லாம் சிமெண்ட், கீழே வருகிற என் ஜீப்பில் புளி, சாமை, தேன், கோழி, ஆள். நோயாளியும் அதே ஜீப்பில்தான். அதை விட்டால் போர்வையில் தூளி கட்டி, மூங்கிலில் மாட்டி, தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. போகிற வழியில் நோயாளி இறந்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். பிணத்தோடு வந்தவர்கள் இறங்கிக்கொள்ள வேண்டும். பிணம் ஏறின வண்டியில் மறுநாள் ஒரு ஜனம் ஏறாது. ஏறுகிறவன் ஏறாவிட்டால் ஓட்டுகிறவன் காற்றையா ஏற்றிக்கொண்டு போவான்? 'என்னுது பொணம் ஏறாத வண்டி' என்று நானும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மலை ஜனங்களிடம் இன்னொரு வழக்கம். நோய்ப்பட்ட பிள்ளையை வெளியே எடுத்தால் முகத்தை மூடித்தான் எடுப்பார்கள். காற்று அடிக்கும், கண் படும், ஓடைக்கரையில் எது எது காத்திருக்குமோ. தலையிலிருந்து கால்வரை கம்பளி. உள்ளே இருப்பது பிள்ளையா பூசணிக்காயா என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது.

இந்தச் சட்டமும் அந்த வழக்கமும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பது அந்த வளைவில் நிற்கிறவரை எனக்குத் தெரியாது.

ஜைத்தூன் சிஸ்டர் கொடுத்த டீ

கீழே ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் ஜைத்தூன் சிஸ்டர் என்று ஒருவர் இருந்தார். வாணியம்பாடிக்காரர். ஆள் குட்டை. குரல் மட்டும் ஆலங்காயம்வரை கேட்கும்.

ஒரு தடவை இரண்டு பிள்ளைகளை ஒன்றாகக் கொண்டுபோனேன். ஒன்று காதுவலியில் ஊரைக் கூட்டியது. அதை முன்னால் உட்கார வைத்தேன். இன்னொன்று வயிற்றுப்போக்கு. சத்தம் போடவில்லை, பின்னால் கிடந்தது. சிஸ்டர் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், பின்னால் இருந்ததை வாரிக்கொண்டு உள்ளே ஓடினார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. நான் பிழைக்கவில்லை. திரும்பி வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அரே டிரைவர், காது வலிக்காரன ஏன் முன்னாடி ஒக்கார வெச்சே?"

"ரொம்ப கத்துச்சி சிஸ்டர்."

"கத்தறதுக்கு மூச்சு வோணுமில்ல? மூச்சு கீறவன் கத்தறான். கத்த முடியாதவன் புளி மூட்டையோட மூட்டையா கெடக்கறான். இன்னா கணக்கு உன்னுது?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "கணக்கு தெரியலன்னா சொல்லிக் குடுங்க சிஸ்டர். நான் கத்துக்காத தொழில் கெடயாது" என்றேன்.

சொல்லிக் கொடுத்தார். தனக்கு அந்த வார்டு டாக்டரம்மா சொல்லிக் கொடுத்ததாம். வார்டுக்குள் கூட்டிப்போய் ஒரு கைப்பிள்ளையின் சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"மூக்கு வெடச்சி வெடச்சி அடங்குதா பாரு. வெலா எலும்புக்குக் கீழ குழி வுழுதா பாரு. மூச்சு வுடறப்போ முனகுதா கேளு. முனகறத தூங்குதுன்னு நெனச்சிக்காதே. அது மலையேறிக்கினு கீது. உன் வண்டி ஏத்தத்துல முனகுதில்ல, அந்த மாரி."

"முனகல் நின்னா?"

"நல்லாயி நின்னா உன் மூஞ்சியப் பாக்கும், பால் கேக்கும். ஒண்ணும் கேக்காம நின்னுச்சின்னா நீ வண்டிய நிறுத்து."

நிறுத்திவிட்டு என்ன செய்வது? அதற்குத்தான் டீ.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீக்கடை. ஆடை கட்டின டீயை என் முன்னால் வைத்து, ஊது என்றார். ஊதினேன். மூட்டை தூக்கின நெஞ்சு இல்லையா, பாதி டீ என் சட்டைக்கு வந்துவிட்டது. கடைக்காரன் சிரித்தான்.

"உன் நெஞ்சுல கீறது லாரி டயர் காத்து" என்றார் சிஸ்டர். "புள்ள நெஞ்சு கோழிக்குஞ்சு. உள்ள கீற காத்த வுட்டுடு, கன்னத்துல கீற காத்து போதும். ஆடை ஒதுங்கணும், டீ சிந்தக் கூடாது. அதும் மூக்கையும் வாயையும் சேத்து உன் வாயால மூடிக்கோ. தலைய ரொம்ப மல்லாத்தாதே, குனிய வெக்கவும் வெக்காதே. பூ மோந்து பாக்கற மாரி நிமித்து. நெஞ்சு ஏறுச்சின்னா காத்து போச்சின்னு அர்த்தம்."

அன்றிலிருந்து நான் குடித்த டீயெல்லாம் பாடம்தான். ஆலங்காயத்து டீக்கடைகளில் என்னைப் பார்த்துக் கேலி பேசினார்கள், டீயோடு முத்தம் கொஞ்சுகிறான் என்று. பேசட்டும் என்று ஊதிக்கொண்டிருந்தேன். அவர்களுடைய டீ ஆறியது, என்னுடைய கன்னம் பழகியது.

ஓடை வளைவு

இப்போது வளைவுக்கு வாருங்கள்.

"இன்னாடா நிறுத்திட்டே?" என்றார் கவுண்டர்.

இறங்கிப் பின்னால் போனேன். புளி மூட்டைகளுக்கு இடையில் சடையனும் அவன் பெண்டாட்டி பொன்னியும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். மேல்காட்டில் குடிசை போட்டு சாமை விதைக்கிற சின்னஞ்சிறுசுகள். தலைப்பிள்ளை, பெண், பிறந்து சில மாதங்கள்தான். சளியும் காய்ச்சலும் என்று சொல்லி ஏறியிருந்தார்கள். பொன்னி மடியில் ஒரு கம்பளிச் சுருள், அவ்வளவுதான் தெரிந்தது.

"புள்ள முகத்தத் தொற."

"தூங்குதுண்ணா" என்றான் சடையன்.

"இவ்ளோ நேரம் முனகிக்கினு வந்துச்சி. இப்ப முனகல. தொற."

"காத்து படும்ணா. ஆஸ்பத்திரில தொறக்கறோம். வண்டிய எடுண்ணா."

பொன்னி கம்பளியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவள் என்னைப் பார்க்கவுமில்லை. அவள் பார்வை ரோட்டோரத்தில் இருந்தது, ஓடையிலிருந்து மேலே ஏறுகிற ஒற்றையடிப் பாதையில். எங்கே இறக்கிவிடுவேன், எந்த வழியாக நடக்க வேண்டியிருக்கும் என்று பார்க்கிறாள்.

கூடையில் கோழியோடு வந்த ஒருவர் பின்னாலிருந்து சொன்னார்: "பாத்துக்க சின்னசாமி. ஆயிட்டிருந்தா இங்கயே எறக்கிடு. நாங்கல்லாம் சந்தைக்குப் போவணும்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. திறந்தால் இறக்கிவிடுவார்கள். மூடியே வைத்திருந்தால் ஆஸ்பத்திரிவரை பிள்ளை உயிரோடு இருக்கிறது என்று பேர். அந்தப் பெண் என்னிடமிருந்து அந்தக் கம்பளியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே காற்று இல்லாமல் ஒரு பிள்ளை போய்க்கொண்டிருந்தது.

முன்னால் ஓடிப்போய், கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த படவேட்டம்மன் படத்தின்மேல் கை வைத்தேன். வண்டிக்குள் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அம்மா மேல ஆணை. உசுரு இருந்தாலும் இல்லன்னாலும் இந்த வண்டி ஆஸ்பத்திரி வாசல்லதான் நிக்கும். திரும்பிக் கொண்டாந்து வூட்டாண்ட வுடறதும் நான்தான். பிடிக்காதவங்க இப்பவே எறங்கிக்கங்க."

கோழிக்காரர் இறங்கிக்கொண்டார். பொன்னி கம்பளியைத் திறந்தாள்.

பின்னால் போய்ப் பார்த்தேன். உதடு நாவற்பழம். கண் பாதி திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. கையைத் தூக்கிவிட்டேன், நனைந்த துணி மாதிரி விழுந்தது. நெஞ்சு அசையவில்லை.

"கவுண்டரே, பேரன பின்னாடி குடுங்க."

"கை ஒடஞ்ச புள்ளடா."

"கத்தறான் இல்ல, நல்லாக் கீறான். குடுங்க."

பிள்ளையை முன் சீட்டில் கிடத்தினேன். துண்டு முனையை விரலில் சுற்றி மூக்கையும் வாயையும் துடைத்தேன். கட்டியாக வந்தது சளி. என் வாயால் மூக்கையும் வாயையும் மூடி ஊதினேன். நெஞ்சு ஏறவில்லை.

பயம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் சிஸ்டர் குரல் அதைவிடப் பெரிதாகக் காதில் கேட்டது. பூ மோந்து பாக்கற மாரி. சீட்டின் சரிவில் தலை மடங்கிக் கிடந்தது. துண்டை மடித்துத் தோளுக்குக் கீழே கொடுத்து, முகவாயை நிமிர்த்தினேன். கன்னத்தில் மட்டும் காற்றை எடுத்தேன். ஆடை ஒதுங்கணும், டீ சிந்தக் கூடாது.

ஏறியது. தவளைத் தொண்டை அசைகிற மாதிரி அந்தச் சின்ன நெஞ்சு எழும்பி இறங்கியது. ஊதினேன், விட்டேன், ஊதினேன், விட்டேன். ஒரு விக்கல் வந்தது. ஒரு இருமல். அப்புறம் பூனைக்குட்டி போல ஒரு சத்தம். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைப் புகழ்ந்து மேடையில் பேசியிருக்கிறார்கள். அந்தச் சத்தத்துக்கு ஈடாக ஒன்றும் கேட்டதில்லை.

மூச்சு வந்தது. ஆனால் நிலைக்கவில்லை. கொஞ்சம் இழுக்கும், மறந்துபோகும். ஊதினால் மறுபடி இழுக்கும். நான் ஊதிக்கொண்டிருந்தால் யார் ஓட்டுவது?

"பொன்னி, நீ ஊது."

வாயை வைத்தாள். கன்னம் உப்ப, அடுப்பு ஊதுகிற ஊது ஊதப் போனாள். தடுத்தேன்.

"அடுப்பு ஊதாதே. சாமைக் கஞ்சிய எப்டி ஆத்துவே, அந்த மாரி."

அதற்குமேல் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் ஊதலிலேயே நெஞ்சு ஏறியது. எனக்கு அதற்கு எத்தனையோ டம்ளர் டீ செலவானது.

மலை ரோட்டில் தலை ஆடினால் மூச்சுக்குழாய் மடங்கும். தலையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். கவுண்டரைப் பார்த்தேன்.

"நானா?" என்றார்.

"தேன் அடையில கை வெச்சாலும் ஆடாத கைன்னு நீங்கதான சொல்லிக்கினு இருப்பீங்க. புடிங்க."

ஊர்க் கவுண்டர் வெற்றிலையை வெளியே துப்பினார். பொன்னி முன் சீட்டில் பிள்ளையை மடியில் போட்டு உட்கார, அவர் அவள் காலடியில் குந்தி, இரண்டு உள்ளங்கையிலும் அந்தத் தலையை ஏந்திக்கொண்டார். தலைப்பாகை டேஷ்போர்டில் இடித்துக் கழன்று விழுந்தது. எடுக்கக் கை இல்லை.

நான் வண்டியை விட்டேன். அப்படி ஓட்டினவன் அந்த ரோட்டில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சிமெண்ட் லாரி ஒன்று எதிரே வந்தது. என் ஹாரன் போட்ட போட்டில் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு வழிவிட்டது.

"ஏறுதா?" என்பேன்.

"ஏறுது" என்பார் கவுண்டர்.

"ஏறுதா?"

"ஏறல. ஊதும்மா, ஊது. ஆங், ஏறுது, ஏறுது."

பின்னால் சடையன் மடியில் கவுண்டர் பேரன் கத்திக்கொண்டே வந்தான். கத்துடா ராசா என்றேன். அவன் கத்துகிறவரை ஒரு கவலை குறைவு.

யார் ஊதினது?

ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். ஜைத்தூன் சிஸ்டர் ஓடிவந்தார். முன் சீட்டைப் பார்த்தார். பின் சீட்டில் கத்துகிற பையனைப் பார்த்தார்.

"இந்தத் தடவ கணக்கு சரி" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை வாரிக்கொண்டு போனார்.

கதவிடுக்கில் பார்த்தேன். டாக்டரம்மா கறுப்பு ரப்பர் பையை அழுத்த அழுத்த, அதே மாதிரி நெஞ்சு ஏறி இறங்கியது. நாங்கள் வழியெல்லாம் செய்ததைத்தான் பையால் செய்கிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் ஆக்சிஜன் குழாய், ஊசி, என்னென்னவோ. அதெல்லாம் எனக்குத் தெரியாத வித்தை.

வெயில் சாய்கிற நேரத்துக்கு டாக்டரம்மா வெளியே வந்தார். "வழியில யாரு ஊதினது?"

நான் வாயைத் திறப்பதற்குள், என் வாய் சும்மாவே சீக்கிரம் திறக்கிற வாய், கவுண்டர் முந்திக்கொண்டார்.

"தலையப் புடிச்சது நான்தாம்மா."

டாக்டரம்மா சிரித்துவிட்டு, வீங்கின உதட்டோடு மூலையில் உட்கார்ந்திருந்த பொன்னியைத் தொட்டு, "உள்ள வா, உன் பொண்ணு அழுவுது" என்றார். அவள் எழுந்து போனாள். கவுண்டர் என்னைப் பார்த்து மீசையைத் தடவினார். நான் மட்டும் அத்தனை டீயையும் வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றேன்.

சிஸ்டர் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "இத்த ஊதாம குடி."

கவுண்டர் இருக்கும்வரை அந்தப் பிள்ளையைப் பிழைக்க வைத்தது தான்தான் என்று மலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் மறுத்ததில்லை. ஜீப் என்னுடையது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்வேன். அந்தப் பிள்ளை வளர்ந்துவிட்டாள். இன்றைக்குக் காவலூர் சந்தையில் பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆள் கிடையாது. அந்தப் பேச்சில் என் கன்னத்துக் காற்று கொஞ்சம் இருக்கிறது.

ஆணை

பிழைத்ததை மட்டும் எழுதிவிட்டு முடித்தால் நான் அம்மன்மேல் கை வைத்ததற்கு அர்த்தமில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு பையன். காய்ச்சலில் வலிப்புக் கண்டு நினைவில்லாமல் ஏறினான். முகத்தை மூடவில்லை. அதற்குள் என் வண்டிக்கு யாரும் மூடிக்கொண்டு வருவதில்லை. ரோட்டோரம் நிற்கும்போதே பிள்ளையின் முகத்தை என் கண்ணாடிக்கு நேரே காட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்தப் பையனுக்கும் ஊதினோம், தலையைப் பிடித்தோம். ஓடையைத் தாண்டினதும் அவன் போய்விட்டான் என்று எனக்குத் தெரிந்தது. அவன் அப்பனுக்கும் தெரிந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கியரை மாற்றினேன்.

வாசல்வரை ஊதிக்கொண்டே போனோம். சிஸ்டரும் டாக்டரம்மாவும் நெடுநேரம் முயன்றார்கள். பிறகு சிஸ்டர் துணியை நெஞ்சுவரை இழுத்து விட்டார். முகத்தை மூடவில்லை. சொன்னபடி நானே மலைக்குத் திருப்பிக் கொண்டுபோய், வீட்டாண்டை விட்டேன். வழியில் பார்த்தவர்கள் பார்த்தார்கள்.

மறுநாள் சந்தை. மஞ்சள் தண்ணீர் விட்டு ஜீப்பைக் கழுவி, புளியமரத்தடியில் நிறுத்தி ஹாரன் கொடுத்தேன். மூட்டைகளோடு ஜனம் நின்றது. ஒருவரும் அசையவில்லை. மறுபடி ஹாரன் கொடுத்தேன். கோழிக்காரர் வேறு பக்கம் பார்த்தார். ஒற்றை ஆளாக நான் சேர்த்த பேரெல்லாம் அந்த மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது.

ஊருக்குள்ளிருந்து கவுண்டர் வந்தார். கூடவே கை கூடின பேரன். ஜனத்தைப் பார்த்தார், காலியான ஜீப்பைப் பார்த்தார். நேற்று அந்தப் பையன் கிடந்த முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பேரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

"இன்னாடா பாக்கறே? வண்டிய எடு."

சாவியைத் திருகினேன். எஞ்சின் முனகி, இருமி, பிடித்தது. பின்னால் மூட்டைகள் ஏறுகிற சத்தம் கேட்டது. ஒன்று, அப்புறம் இன்னொன்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை.